சிறிய கேம்பிங் டிரெய்லருக்கு 12 வோல்ட் மின்சாரம்: கணக்கு முதல் கடைசி ஃபியூஸ் வரை

12 வோல்ட்டில் கை பட்டால் ஷாக் அடிக்காது. அந்தத் தைரியத்தில்தான் பலர் வீட்டிலேயே செய்த டிரெய்லருக்குக் கையில் கிடைத்த ஒயரை இழுத்து வேலையை முடித்துவிடுகிறார்கள். ஷாக் அடிக்காத அதே 12 வோல்ட், பிளைவுட்டையும் மெத்தையையும் கொளுத்திவிடும். 60 வாட் வேலைக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்ப் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்ப் ஓட வேண்டும். ஒயரைச் சூடாக்குவது ஆம்ப்தான். எனவே பெரிய பேட்டரி, பெரிய பேனல் என்று ஆசைப்படுவதற்கு முன்னால் ஒயரின் தடிமன், லக் (ஒயர் முனையில் அடிக்கும் உலோக வளையம்), ஃபியூஸ் ஆகிய மூன்றிலும் மனதைச் செலுத்துங்கள். பழுதாகும் டிரெய்லர்களில் பெரும்பாலும் கோளாறு இருப்பது இந்த மூன்றில்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது இரண்டு பேர் படுக்கும் சிறிய டிரெய்லர். 100 ஏ.எச். (ஆம்ப்-அவர்) பேட்டரி, 200 வாட் சோலார் பேனல், இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ், 600 வாட் இன்வெர்ட்டர். உங்களுடையது இதைவிடச் சின்னதாக இருந்தால் கணக்கு மட்டும்தான் மாறும், முறை மாறாது.

முதலில் கணக்கு

ஒரு தாளில் ஒவ்வொரு பொருளின் வாட்டையும், ஒரு நாளில் அது ஓடும் மணி நேரத்தையும் எழுதிப் பெருக்குங்கள். கிடைப்பது வாட்-அவர்.

- எல்.இ.டி. விளக்கு 4, தலா 3 வாட், 4 மணி நேரம்: 48
- கூரை மின்விசிறி, சராசரி 15 வாட், 10 மணி நேரம்: 150
- இரண்டு போன்: 30
- லேப்டாப், ஒரு முழு சார்ஜ்: 60
- தண்ணீர் பம்ப், 50 வாட், 12 நிமிடம்: 10
- 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், 45 வாட், நாளில் 40 சதவீத நேரம் ஓடுவதாக வைத்தால்: 432

மொத்தம் 730 வாட்-அவர். 12.8 வோல்ட்டால் வகுத்தால் 57 ஏ.எச். வழியில் வீணாவதையும் சேர்த்து 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பாருங்கள்: பாதிக்கு மேல் ஃபிரிட்ஜ் ஒன்றே தின்கிறது. அதை எடுத்துவிட்டால் தேவை 298 வாட்-அவராகச் சுருங்கிவிடும். ஐஸ் பெட்டியோடு சமாளிக்க முடிந்தால் பாதி அளவு பேட்டரியே போதும். வெயில் கடுமையாக இருந்தால் கம்ப்ரசர் 40 சதவீதத்தோடு நிற்காது, 60-ஐயும் தாண்டும். ஃபிரிட்ஜைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடாமல் பலகைக்குள் அடைத்தாலும் அதே கதிதான். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹேர் டிரையர், ஏ.சி. எதுவும் இந்தப் பட்டியலில் வராது. சூடாக்கும் வேலையைக் கேஸுக்கு விட்டுவிடுங்கள்.

பேட்டரி

தேர்வு இரண்டுக்குள்தான். ஏ.ஜி.எம். வகை ஈய-அமில பேட்டரி வாங்கும்போது மலிவு. ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும், 100 ஏ.எச். என்று எழுதியிருந்தாலும் தாராளமாகப் பயன்படுவது 50 ஏ.எச்., அதாவது சுமார் 600 வாட்-அவர். எடை 30 கிலோவை ஒட்டி வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-அவரில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். எடையும் 11 முதல் 13 கிலோதான். நம் கணக்குப்படி ஏ.ஜி.எம். ஒரு நாளைக்கே போதாது. லித்தியம் சுமார் ஒன்றரை நாள் தாங்கும். இப்போது புதிதாகச் செய்பவர்கள் லித்தியத்துக்கே போகலாம். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள். சில விநாடிகள் பெரிய கரன்ட் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட அதன் மெல்லிய தகடுகள், இரவு முழுக்க மெதுவாக இறக்கினால் சீக்கிரமே செத்துவிடும்.

லித்தியத்தில் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பகுதிக்குப் போவதாக இருந்தால், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி அதன் பி.எம்.எஸ். பலகையில் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட நேர்கோடாகவே போகும். முக்கால் பங்கு இருக்கும்போதும் கால் பங்கு இருக்கும்போதும் மீட்டரில் தெரியும் வித்தியாசம் சில பத்தில் ஒரு வோல்ட்தான். ஆகவே வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதத்தை ஊகிக்க முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மானிட்டர் தேவை. ஏ.ஜி.எம்.மில் வோல்டேஜ் ஓரளவு கணக்குச் சொல்லும்: சுமை இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.1 பக்கம் வந்தால் பாதி.

பேட்டரியை ஆக்சிலுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வையுங்கள். பின்பக்கம் எடை கூடினால் ஓட்டும்போது டிரெய்லர் பாம்பாக நெளியும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு கோக்கும் இணைப்பு) மேல் இறங்க வேண்டும். வெறும் பெல்ட் போதாது. அடியில் நான்கு பக்கமும் சட்டம் அடித்து, அதற்கு மேல் பெல்ட் போடுங்கள். அமிலம் ஊற்றும் பழைய வகை பேட்டரியானால், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், படுக்கும் இடத்திலிருந்து பிரிந்த, வெளியே காற்றுப் போகும் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

வரைபடம்: ஒரு பக்கத்துக்குள் முடியட்டும்

கரன்ட் போகும் வழி இது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மெயின் ஃபியூஸ், அங்கிருந்து ஐசொலேட்டர் ஸ்விட்ச் (எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்), அங்கிருந்து பிளஸ் பஸ்பார் (பல ஒயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை). பஸ்பாரிலிருந்து நான்கு கிளைகள்: பிளேடு ஃபியூஸ் பெட்டி, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், வண்டியிலிருந்து வரும் டிசி-டிசி சார்ஜர். ஒவ்வொரு கிளைக்கும் பஸ்பார் அருகிலேயே தனி ஃபியூஸ். மறுபக்கம், பேட்டரி மைனஸ்ஸிலிருந்து ஷண்ட், ஷண்டிலிருந்து மைனஸ் பஸ்பார். எல்லா மைனஸ் ஒயரும் அந்தப் பஸ்பாரில்தான் முடிய வேண்டும்.

பேட்டரி மைனஸ் முனையில் ஷண்ட் ஒயரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். “ஒரு சின்ன யு.எஸ்.பி. சாக்கெட்தானே” என்று நேராக முனையில் கொண்டுபோய் மாட்டினால், அதன் வழியே போகும் கரன்ட் மானிட்டருக்குத் தெரியவே தெரியாது. 70 சதவீதம் என்று காட்டிக்கொண்டே ஒரு நாள் பேட்டரி திடீரென்று அணைந்துவிடும்.

டிரெய்லரின் இரும்புச் சட்டத்தை மைனஸ் ஒயராகப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெல்டிங்கும் போல்ட்டும் துருப்பிடித்தால் வழி அடைபடும். ஒவ்வொரு பொருளுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரும் இழுங்கள். மைனஸ் பஸ்பாரிலிருந்து சட்டத்துக்கு ஒரே ஒரு இடத்தில் 10 ச.மி.மீ. (சதுர மில்லிமீட்டர்) ஒயரால் இணைப்புக் கொடுத்தால் போதும். எங்காவது பிளஸ் ஒயர் தோல் உரிந்து சட்டத்தில் பட்டால், அந்த இணைப்பு வழியே ஃபியூஸ் போய் விஷயம் அங்கேயே முடியும்.

பிரேக் லைட், இண்டிகேட்டர் போன்ற சாலை விளக்குகளின் ஒயரிங் இதிலிருந்து முற்றிலும் தனி. அவை இழுக்கும் வண்டியின் பிளக்கிலிருந்து வரட்டும், அவற்றின் மைனஸ்ஸும் அதே பிளக் வழியே திரும்பட்டும். ஹிட்ச் உருண்டை வழியாக மைனஸ் போவதை நம்பிய டிரெய்லரில்தான் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டும்.

ஒயரும் ஃபியூஸும்

ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபிரிட்ஜையோ பம்பையோ என்று நினைக்காதீர்கள். அது இருப்பது ஒயருக்காக. ஆகவே ஒயர் தாங்கும் அளவுக்குள்தான் ஃபியூஸ். பாதுகாப்பான பக்கம் நின்று சொன்னால், 1.5 ச.மி.மீ. ஒயருக்கு 10 ஆம்ப், 2.5-க்கு 15, 4-க்கு 25, 6-க்கு 40, 10-க்கு 60, 16-க்கு 80, 25-க்கு 100 ஆம்ப் வரை. இது உச்சவரம்பு, சுமை குறைவாக இருந்தால் ஃபியூஸையும் குறைத்தே போடுங்கள்.

சூடு தாங்குவது ஒரு பக்கம், வோல்டேஜ் இழப்பு இன்னொரு பக்கம். இழப்புக்கான கணக்கு இது: 2 × ஒரு வழி நீளம் மீட்டரில் × ஆம்ப் × 0.0175 ÷ ஒயரின் ச.மி.மீ. ஃபிரிட்ஜ் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, 5 ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 ச.மி.மீ. ஒயரில் 0.47 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ச.மி.மீ. போட்டால் 0.18. அரை வோல்ட் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் கரன்ட் எகிறும், இழப்பும் அதே அளவு எகிறும். நள்ளிரவில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது ஃபிரிட்ஜின் கட்-ஆஃப் அதைப் பார்த்து “பேட்டரி தீர்ந்தது” என்று முடிவு கட்டிவிடும். கிளம்ப முயலும், அணையும், மறுபடி முயலும். காலையில் பால் திரிந்திருக்கும், பேட்டரியில் பாதி மீதமிருக்கும். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் அந்த ஒயரை மாற்றிப் பாருங்கள்.

விளக்கு, மின்விசிறிக்கு 1.5 ச.மி.மீ. ஒயரும் 5 ஆம்ப் ஃபியூஸும். யு.எஸ்.பி. சாக்கெட், பம்புக்கு 2.5 ஒயரும் 10 ஆம்ப்பும். ஃபிரிட்ஜுக்கு 4 ஒயரும் 15 ஆம்ப்பும். பிளேடு ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் தாய் ஒயர் 10, ஃபியூஸ் 50. பேட்டரியிலிருந்து பஸ்பார் வரை 25 ச.மி.மீ., மெயின் ஃபியூஸ் 100 ஆம்ப். பேட்டரியிலிருந்து ஷண்ட், மைனஸ் பஸ்பார் வரையும் அதே 25.

மெயின் ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள், 18 செ.மீ. தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயரை யாரும் காப்பாற்ற முடியாது. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. லித்தியம் பேட்டரிக்கு ஃபியூஸின் வகையும் முக்கியம். ஷார்ட் ஆகும் கணத்தில் அது ஆயிரக்கணக்கான ஆம்ப்பைத் தள்ளக்கூடியது. அந்த வேகத்தில் சாதாரண ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் நெருப்புப் பொறி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் வேலைக்கு வரும் மெகா வகை ஃபியூஸ் அறுக்கக்கூடியது 2,000 ஆம்ப் வரை. பேட்டரி முனையிலேயே திருகும் எம்.ஆர்.பி.எஃப். வகை 14 வோல்ட்டில் 10,000 ஆம்ப் வரை. கிளாஸ்-டி (Class T) வகை 20,000 வரை. மெயினுக்கு இந்தப் பின்னிரண்டில் ஒன்றைப் போடுங்கள். கிளைகளுக்கு மெகாவும் பிளேடும் போதும்.

வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் டிரெய்லருக்கு ஆகாது. சாலையின் அதிர்வில் திருகு இறுக்கிய இடத்தில் அது களைத்து முறியும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த செம்பு ஒயர் வேண்டும். வெள்ளீயம் பூசியது கிடைத்தால் ஈரத்துக்கு இன்னும் நல்லது. தடிமனாகத் தெரியும் மலிவு ஒயரை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருக்கலாம். பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அது தாங்கும் கரன்ட் குறைவு, லக்கிலும் நாளடைவில் தளரும்.

லக் அடிப்பது

இந்த வேலையில் மிகவும் அலட்சியம் செய்யப்படும் பகுதி இதுதான். கொரட்டால் நசுக்கிய லக், பார்வைக்கு இறுகியதாகவே தெரியும். சந்தேகமிருந்தால், ஒரு மிச்சத் துண்டில் லக் அடித்து அதை ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சரியாக அடித்திருந்தால் இழைகளும் லக்கின் சுவரும் ஒரே செம்புக் கட்டியாகத் தெரியும். கரும்புள்ளிகளாக இடைவெளி தெரிந்தால் அந்த லக் சூடாகும். 25 ச.மி.மீ. அளவுக்கு ஹைட்ராலிக் கிரிம்பர், சின்ன ஒயருக்கு ரேட்செட் கிரிம்பர் இரண்டும் வேண்டும்; வாங்க மனமில்லையென்றால் ஒரு நாளைக்குக் கடன் வாங்கியாவது செய்யுங்கள். அடித்த பிறகு நன்றாக இழுத்துப் பார்த்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சுடுங்கள்.

சால்டர் செய்தால் இன்னும் பலம் என்று ஒரு எண்ணம் உண்டு. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, லக்கிலிருந்து ஒரு அங்குலம் வரை ஒயரைக் கம்பியாக விறைக்க வைக்கும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு முழுவதும் குவிந்து, அங்கேதான் ஒடியும்.

பஸ்பார் போல்ட்டில் மாட்டும்போது வரிசை முக்கியம்: அடியில் பஸ்பார், அதன்மேல் நேரடியாக லக், அதற்குமேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவில் இரும்பு வாஷர் போய்விட்டால் 50 ஆம்ப் முழுக்க அந்த இரும்பு வழியே போகும். ஃபியூஸ் போகாது, ஆனால் பிளாஸ்டிக் அடிப்பகுதி மெல்ல இளகி, ஒரு நாள் கருகிய வாடை வரும். ஒரே போல்ட்டில் பல லக் என்றால் பெரிய கரன்ட் அடியில் இருக்கட்டும், மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஒயரை ஒவ்வொரு 30 முதல் 45 செ.மீ.க்கும் கிளிப் போட்டுப் பிடியுங்கள். உலோகத்தில் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் கிராமெட் கட்டாயம். இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். இப்போது நினைவில் இருப்பது இரண்டு வருடம் கழித்து இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடும்போது இருக்காது.

சோலார்

200 வாட் பேனல் 200 வாட் கொடுப்பது அபூர்வம். கூரையில் படுத்த நிலை, சூடு, தூசு எல்லாம் போக 70 சதவீதம் என்று வைத்து, நல்ல வெயில் 4.5 மணி நேரம் என்றால் நாளுக்கு சுமார் 630 வாட்-அவர். நம் தேவை 730. அதாவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஆனாலும் ஒன்றரை நாள் பேட்டரி ஒரு வாரத்தை ஒட்டி இழுக்கும். மேகமூட்டத்தில் இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடும்.

கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகையாக இருக்கட்டும். பி.டபிள்யூ.எம். வகை பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும். 20 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய பேனல் 13-ல் நிற்கும், மிச்சம் வீண். 200 வாட்டை 13-ஆல் வகுத்தால் 15.4 ஆம்ப், ஆகவே 20 ஆம்ப் கன்ட்ரோலர். பேட்டரி பக்கம் 6 ச.மி.மீ. ஒயர், 25 ஆம்ப் ஃபியூஸ். பேனல் பக்கம் வெயில் தாங்கும் 4 ச.மி.மீ. சோலார் ஒயர். இரண்டு 100 வாட் பேனலைத் தொடராக இணைத்தால் திறந்த வோல்டேஜ் 45 பக்கம் வரும், குளிரில் இன்னும் ஏறும். 50 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கன்ட்ரோலரை அதற்குப் போட்டால் குளிர்ந்த விடியலில் எரிந்துபோகலாம். 75 அல்லது 100 வோல்ட் தாங்குவது வேண்டும். மரநிழல் அதிகம் படும் இடங்களில் நிறுத்துவீர்கள் என்றால் இணையாக இணைப்பது மேல்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. எதிரே இருப்பது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைக் கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேனல் ஒயரில் ஒரு இரட்டை முனை பிரேக்கர் வைத்துக்கொண்டால் இது எளிது; ஐசொலேட்டரை அணைப்பதற்கு முன்னால் இதை அணைத்துவிடுங்கள். அந்தப் பிரேக்கர் டிசி-க்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வீட்டு எம்.சி.பி. நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடும் ஏசி-யை அணைப்பதற்காகச் செய்தது. பூஜ்யத்தையே தொடாத டிசி-யின் பொறியை அது அணைக்காமல் போகலாம்.

பேனலுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு செ.மீ.யாவது இடைவெளி விடுங்கள், காற்று போனால் பேனல் குளிரும். கூரைத் துளைக்கு மேல் ஒயர் கிளாண்ட் பெட்டி வைத்து, ஒயர் உள்ளே நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஓடும்போது சார்ஜ்

வண்டியின் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.6 அதிலிருந்து வராது. நடுவில் 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் 40 ஏ.எச். ஏறும், மழைநாளில் இதுதான் கைகொடுக்கும்.

சார்ஜர் 20 ஆம்ப் கொடுக்க, வண்டிப் பக்கத்திலிருந்து சுமார் 26 ஆம்ப் இழுக்கும். 6 மீட்டர் தூரத்துக்கு 4 ச.மி.மீ. ஒயர் போட்டால் 1.4 வோல்ட் வழியில் காணாமல் போகும். சார்ஜர் அதை ஈடுகட்ட இன்னும் அதிகம் இழுக்கும், ஒயர் இன்னும் சூடாகும். 10 ச.மி.மீ. போடுங்கள், இழப்பு சுமார் அரை வோல்ட்டாகக் குறைந்துவிடும். வண்டி பேட்டரிக்கு அருகில் 40 ஆம்ப் ஃபியூஸ், டிரெய்லர் பஸ்பார் அருகில் 30 ஆம்ப், அந்தப் பக்கத்துக்கு 6 ச.மி.மீ. ஒயர். சாலை விளக்குப் பிளக்கின் மெல்லிய பின் வழியாக இந்தக் கரன்ட்டை அனுப்பாதீர்கள். 50 ஆம்ப் ஆண்டர்சன் கனெக்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். இன்ஜின் அணைந்ததும் சார்ஜரும் அணைய, இக்னிஷனிலிருந்து ஒரு சிக்னல் ஒயரும் கொடுங்கள்.

இன்வெர்ட்டரும் வெளி மின்சாரமும்

600 வாட், பியூர் சைன் வகை. முழுச் சுமையில் 600-ஐ 12-ஆலும் 0.9-ஆலும் வகுத்தால் சுமார் 56 ஆம்ப். பஸ்பாரிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்து 16 ச.மி.மீ. ஒயரும் 80 ஆம்ப் ஃபியூஸும் போடுங்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்து ஏசி ஒயரை நீட்டுவதுதான் சரி, பேட்டரி ஒயரை நீட்டுவது தவறு. முதன்முறை மாட்டும்போது அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். போல்ட்டில் ‘பட்’டென்று பொறி பறக்கும், சில பி.எம்.எஸ். அதை ஷார்ட் என்று எண்ணி அணைந்தும் போகும். ஃபியூஸை மாட்டுவதற்கு முன் அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் குண்டு பல்பைச் சில விநாடிகள் தொடவைத்தால் கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்பிவிடும். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணையுங்கள். சும்மா இருந்தாலே 10 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 240 வாட்-அவரை விழுங்கும். லேப்டாப்புக்கு 12 வோல்ட் யு.எஸ்.பி.-சி சார்ஜர் போட்டுவிட்டால் பலருக்கு இன்வெர்ட்டரே தேவைப்படாது.

இன்வெர்ட்டரின் ஏசி-யைச் சுவர் சாக்கெட்டுகளுக்கு இழுக்காதீர்கள், அதன் முகத்தில் இருக்கும் சாக்கெட்டிலேயே செருகுங்கள். சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அந்த நிலையில் ஆர்.சி.டி. (மின்கசிவைக் கண்டு அணைக்கும் பிரேக்கர்) போட்டாலும் அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாது.

முகாம் இடத்தில் கிடைக்கும் வெளி மின்சாரத்தை எடுக்க விரும்பினால், குறைந்தபட்சம் இவை வேண்டும்: வெளிப்புற இன்லெட், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி., பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் இரட்டை முனை பிரேக்கர், இன்லெட் எர்த்திலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு உறுதியான இணைப்பு. எர்த் இல்லாத சட்டத்தில் பேஸ் பட்டால், ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவர்தான் எர்த். ஏசி ஒயரும் டிசி ஒயரும் ஒரே குழாயில் போகக் கூடாது. இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், அந்தந்த நாட்டு விதிகளும் வேறுபடும். ஆர்.சி.டி. உள்ள வெளிப்புற இணைப்பில் 20 ஆம்ப் லித்தியம் சார்ஜரை மட்டும் செருகி, உள்ளே எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே ஓட்டுவது சிறிய டிரெய்லருக்குப் போதுமான, குறைந்த தலைவலி.

உயிர் கொடுக்கும் நாள்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பேட்டரியை இன்னும் மாட்டவில்லை; எல்லா ஃபியூஸும் வெளியே. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பிளஸ் பஸ்பாருக்கும் மைனஸ் பஸ்பாருக்கும் நடுவே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்; கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். பிறகு பிளஸ் ஒயர், அடுத்து ஷண்ட் வழியே மைனஸ், கடைசியாக மெயின் ஃபியூஸ். பஸ்பாரில் வோல்டேஜும் திசையும் சரியா என்று பார்த்து, கிளை ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு அந்தந்தப் பொருளை ஓட்டிப் பாருங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்ப் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் மீட்டரே ஷார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்து இழப்புச் சோதனை. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஃபிரிட்ஜின் பிளஸ்ஸிலும் வையுங்கள். காட்டும் எண்தான் பிளஸ் வழியில் நிகழும் இழப்பு. மைனஸ்ஸிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து கணக்கில் வந்ததைவிட மிகவும் அதிகமாக இருந்தால் ஒயர் சரி, இடையில் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினால் எண் குதிக்கும் இடம் தெரிந்துவிடும். பிறகு இன்வெர்ட்டரில் 400 அல்லது 500 வாட் சுமையைக் கால் மணி நேரம் ஓட்டி, அணைத்துவிட்டு ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதைக் கழற்றி மறுபடி அடியுங்கள்.

முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். எங்காவது கட்டாயம் ஒன்று தளர்ந்திருக்கும்.

பிறகு வரும் கோளாறுகள்

எல்.இ.டி. பட்டைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றால் அவை சரியாக 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14.4-ல் இருக்கும், பட்டை சூடாகிக் கருகும். 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்குகளாக வாங்குங்கள்.

ஃபியூஸ் போகாமலே அதன் பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால் அது பிடியின் தளர்ச்சி. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், பிடியை மாற்றுங்கள்.

பளிச்சென்ற நண்பகலில் சோலார் கரன்ட் குறைவாகக் காட்டினால் உடனே பேனலைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலர் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரி பாதியில் இருக்கும்போதும் அப்படியென்றால் கூரையைப் பாருங்கள். கூரை விசிறியின் மூடியோ ஆன்டெனாவோ ஒரு மூலையில் நிழல் போட்டாலே பெரும்பகுதி போய்விடும்.

லித்தியம் பேட்டரி திடீரென்று 0 வோல்ட் காட்டினால் பெரும்பாலும் செத்திருக்காது. மிகவும் இறங்கிவிட்டதால் பி.எம்.எஸ். வாயிலை மூடியிருக்கும். பேட்டரியே தெரியாததால் பல சார்ஜர்கள் வேலையைத் தொடங்காது. இப்படி உறங்கும் பேட்டரியை எழுப்பும் வசதியுள்ள சார்ஜர் தேவைப்படும். இதற்கு வழக்கமான காரணம், நிறுத்தி வைத்த மாதங்களில் கசிந்த சின்னக் கரன்ட். நீல எண்களோடு வோல்டேஜ் காட்டும் யு.எஸ்.பி. சாக்கெட் ஒன்று 20 மில்லி ஆம்ப் எடுத்தால், மாதத்துக்கு 14 ஏ.எச். போய்விடும். ஊர் திரும்பியதும் சோலார் பிரேக்கரையும் பிறகு ஐசொலேட்டரையும் அணையுங்கள். லித்தியத்தைப் பாதியளவு சார்ஜிலும், ஏ.ஜி.எம்.மை முழுச் சார்ஜிலும் வைத்துவிட்டுப் போங்கள். ஏ.ஜி.எம். என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சார்ஜ் ஏற்றுங்கள். காலியாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து, அடுத்த பயணத்தில் பாதி கொள்ளளவுகூட மிஞ்சாது.